ஆங்கில வினைக்குத் தமிழே திறவுகோல்

ஆங்கில ஆசிரியர் ஒருநாள் விடுப்பிலிருந்தமையால் அவர்தம் எட்டாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்மேல் விழுந்தது. தேர்வுத்தாள்கள் திருத்தித் தரப்பட்டிருந்த நேரம். பின்வரிசை மாணவன் ஒருவன் தன் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "ஐயா, நீர் என்பது பெயர்ச்சொல் என்று நீங்கள்தானே கற்பித்தீர்கள்?" என்றான். "ஆம்" என்றேன். "அப்படியானால் 'வாட்டர்' என்பதும் பெயர்ச்சொல்தானே? அப்படித்தான் எழுதினேன். பிழை போட்டிருக்கிறார்கள். வினை என்று எழுத வேண்டுமாம். ஏன் என்று கேட்டதற்கு, விடையை உருப்போட்டுக்கொள் என்றார்கள்" என்றான்.

வினாத்தாளில் இருந்த தொடர் இது: 'தே வாட்டர் தி பிளாண்ட்சு டெய்லி.' அவர்கள் நாள்தோறும் செடிகளுக்கு நீர் ஊற்றுகிறார்கள் என்பது பொருள். (ஆங்கிலச் சொல்லை ஆங்கிலச் சொல்லாகவே எடுத்துக்காட்ட வேண்டியிருத்தலின், டகரம் மொழிமுதல் வாராது என்னும் நெறியை ஈண்டுச் சற்றே நெகிழ்த்துகிறேன். பொறுத்தருள்க. வடவெழுத்தை மட்டும் தொடேன்.)

கரும்பலகையில் அத்தொடரை எழுதி, "இதைத் தமிழில் சொல்" என்றேன். சொன்னான். "நீ சொன்ன தமிழ்த் தொடரில் வினை எது?" "ஊற்றுகிறார்கள்." "அவ்வினைக்குரிய சொல் இந்த ஆங்கிலத் தொடரில் எங்கே இருக்கிறது? கைவைத்துக் காட்டு." அவன் விரல் முதற்சொல்லிலிருந்து ஒவ்வொன்றாக நகர்ந்து இறுதிவரை சென்றது, திரும்பி வந்து 'வாட்டர்' என்பதன்மேல் நின்றது. "வேறு சொல்லே இல்லையே ஐயா!" என்றான். உருப்போட வேண்டிய தேவை அவனுக்கு அந்நொடியே நீங்கிற்று.

தமிழ் காக்கப் புறப்பட்ட இதழில் ஆங்கில இலக்கணத்துக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள் ஆங்கிலத்தில் நூலெழுதும் அளவிற்கு அம்மொழியில் தேர்ந்தவர். பாவாணர் ஆங்கிலச் சொற்களின் வேர்வரை சென்று ஆய்ந்தவர். இவ்விருவரும் எதிர்த்தது கலப்பை, மொழிகளை அன்று. எல்லையைக் காக்க விழைவான் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள நிலத்தை அறிந்திருத்தல் வேண்டும். மேலும், இச்செய்தி ஆங்கிலத்தைப் பற்றியது மட்டுமன்று. தமிழிலக்கணம் தெரிந்திருந்தும் அதனைப் பயன்படுத்தலாகாது என்று தடுக்கப்படும் நம் பிள்ளைகளைப் பற்றியது.

நம் பள்ளிகளில் ஆங்கிலச் சொல்வகை எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது? ஆள், இடம், பொருள் இவற்றின் பெயர் பெயர்ச்சொல். செயலைக் குறிப்பது வினைச்சொல். இவ்விரு வரையறைகளையும் குழந்தை பாட்டுப்போல் ஒப்பிக்கும். இவை இரண்டும் ஓட்டைப் பானைகள். அழிவு என்பது செயலைக் குறிக்கவில்லையா? 'டிசுட்ரக்சன்' என்னும் அச்சொல்லை ஆங்கிலத்தில் வினை என்பார் யார்? உடைமையாக வைத்திருத்தல் என்னும் பொருளுடைய 'ஓன்' என்பதில் என்ன செயல் நிகழ்கின்றது? ஆயினும் அது வினையே. பொருளைக்கொண்டு வகுத்தால் இத்தகைய குழப்பம் வந்தே தீரும்.

தொல்காப்பியனார் இவ்வாறு வகுத்தாரல்லர். வேற்றுமை கொள்வதா, காலங் காட்டுவதா என்று சொல்லின் ஒழுகலாற்றை நோக்கினார். வினையென்பது வேற்றுமை ஏலாது, ஆராயுங்கால் காலத்தோடு தோன்றும் என்பது அவர் கருத்து. 'அழிவு' என்பது செயலைக் குறித்தாலும் அழிவை, அழிவால், அழிவுக்கு என வேற்றுமை ஏற்றலின் பெயர். 'அழிந்தது' என்பது காலங் காட்டுதலின் வினை. இதில் ஐயத்துக்கு இடமேயில்லை. பெயரும் வினையும் தலைமையானவை, இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து வருவன என்று அவர் நிலைப்படுத்தியதும் இவ்வகை நோக்கினாலேயே. ஏழாம் வகுப்பிலேயே இதைக் கற்றுவிட்ட தமிழ் மாணவனை, அடுத்த பாடவேளையில் 'செயலைக் குறிப்பது வினை' என்னும் ஓட்டைப் பானைக்குள் இறக்குகிறோம்.

இனி, எட்டுச் சொல்வகை என்னும் அவ்வெண் எங்கிருந்து வந்தது? ஆங்கில மண்ணில் முளைத்ததன்று அது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த தியோனீசியுசு திராக்சு என்னும் கிரேக்கர் பெயரால் வழங்கும் சிறுநூலொன்று, கிரேக்கச் சொற்களை எட்டாகப் பகுத்தது. அவற்றுள் ஒன்று, பெயருக்கு முன் நின்று அதைச் சுட்டும் சார்புச்சொல். இலத்தீனர் அந்நூல் வழியைப் பின்பற்றித் தம் மொழிக்கு இலக்கணம் வகுக்கப் புகுந்தபோது, தம் மொழியில் அச்சார்புச்சொல்லே இல்லையென்று கண்டனர். எட்டு ஏழாகிவிடுமே! வியப்புக் குறிப்புச் சொற்களைத் தனிவகையாக்கி எட்டை நிரப்பிக்கொண்டனர். உறுப்பினர் மாறினும் எண்ணிக்கை மாறவில்லை. பழைய குடும்பங்களில் இறந்தவர் பெயரைப் பிறந்த குழந்தைக்கு இட்டு வீட்டுத்தொகையைச் சரிசெய்வது போன்ற வேலை இது.

1586-இல் வில்லியம் புல்லோக்கர் ஆங்கிலத்துக்கு முதன்முதலாக ஓர் இலக்கணம் எழுதினார். அது இலத்தீன் இலக்கணத்தை அடியொற்றியது. 1653-இல் சான் வாலிசு என்பார், இலத்தீன் அச்சில் ஆங்கிலத்தை வார்ப்பது பிழை என்று கண்டு கூறினார். கூறியதும் இலத்தீன் மொழியிலேயே! 1762-இல் இராபர்ட் இலௌத்தும், 1795-இல் இலிண்டுலி மர்ரேயும் எழுதிய நூல்கள் ஒன்பது வகை கூறின. இரென், மார்ட்டின் என்னும் இருவர் 1930-களில் எழுதி, இந்தியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் நூலோ மீண்டும் எட்டென்கிறது. அந்நூலின்மேல் எனக்குப் பகையில்லை. ஒரு சொல் தொடரில் நின்று ஆற்றும் பணியைப் பார்த்தாலன்றி அஃது எவ்வகை என்று கூறவியலாது என அந்நூலே தெளிவாகச் சொல்லத்தான் செய்கிறது. வகுப்பறையில் எட்டுப் பெயர்கள் மட்டும் ஒப்பிக்கப்படுகின்றன, அவ்வரி படிக்கப்படுவதில்லை.

இவ்வரலாற்றைப் படிக்கும் தமிழனுக்கு வேறொரு வரலாறு நினைவுக்கு வாராதிருக்குமா? 11-ஆம் நூற்றாண்டு வீரசோழியம் தமிழை வடமொழி அச்சில் வார்க்க முயன்றது. 17-ஆம் நூற்றாண்டுப் பிரயோக விவேகம் அம்முயற்சியை எல்லைவரை கொண்டுசென்றது. இலக்கணக் கொத்துடையார், தமிழுக்கென்று தனியே இருப்பவை ஐந்தெழுத்துகளே, அவற்றைக்கொண்டு அதனைத் தனிமொழியென்பதற்கு நாணவேண்டும் என்னும் கருத்துப்பட எழுதினார். ஆங்கிலேயருக்கு இலத்தீன் என்ன செய்ததோ அதனையே நமக்கு வடமொழி செய்தது. வேற்றுமை ஒன்றுண்டு. இலத்தீன் வருமுன் ஆங்கிலேயரிடம் தம்மொழிக்கென்று இலக்கணம் இல்லை. நம்மிடம் தொல்காப்பியம் இருந்தது. இருந்தும் பிறர் சட்டைக்குக் கைநீட்டினோம்.

ஆங்கிலேயர் பின்னாளில் அச்சட்டையைக் களைய முற்பட்டனர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1952-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லசு பிரீசு, தொலைப்பேசியில் மக்கள் பேசிய ஆங்கிலத்தை ஒலிப்பதிவு செய்து அதினின்று இலக்கணம் வகுத்தார். பழைய பெயர்களைத் தூக்கியெறிந்து, முதல்வகை, இரண்டாம்வகை என நான்கு பெருவகைகளை எண்ணாலேயே குறித்தார். எஞ்சிய 154 சிறுசொற்களைத் தொடரைக் கட்டும் பணிச்சொற்களாகப் பதினைந்து கூட்டமாக வைத்தார். தமக்கெனப் பொருளின்றிப் பிறசொற்களைச் சார்ந்து இயங்கும் சொற்களை இடைச்சொல்லென வேறுபிரித்த நம் முன்னோர் நெறியை இது நினைவூட்டுகின்றதன்றோ? எனினும், அவர் நம்மிடமிருந்து எடுத்தார் என்று மேடையேறி முழங்க வேண்டா. அதற்குச் சான்றில்லை. உண்மையை உற்றுநோக்குவார் எங்கிருப்பினும் ஓரளவு ஒரே வழியில் செல்வர் என்னும் அளவே போதும்.

'வாட்டர்' எப்படி வினையாயிற்று என்னும் மாணவன் வினாவுக்கு இன்னும் முழுவிடை கூறினேனில்லை. பழைய ஆங்கிலத்தில் நீரைக் குறித்த பெயர் 'வேட்டர்'. நீரூட்டு என்னும் வினையோ 'வேட்டரியன்'. வடிவிலேயே இரண்டும் வேறு. அன்பைக் குறிக்கும் பெயரும் அன்புசெய்தலைக் குறிக்கும் வினையும் அவ்வாறே 'லுவு', 'லுவியன்' என வேறுவேறாக இருந்தன. வினைகளுக்கு இடத்துக்கேற்ற ஈறுகளும், பெயர்களுக்கு வேற்றுமை ஈறுகளும் இருந்தன. அஃதாவது, அந்நாளைய ஆங்கிலம் இவ்வகையில் நம் தமிழ் போன்றே ஈறுகளால் பேசியது. நூற்றாண்டுகள் செல்லச்செல்ல அவ்வீறுகள் தேய்ந்து உதிர்ந்தன. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் சில ஈறுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். இன்று வினையில் எஞ்சியிருக்கும் இடங்காட்டும் ஈறு, படர்க்கை ஒருமை நிகழ்காலத்து வரும் ஒற்றைச் சகர ஒலி மட்டுமே.

ஈறு உதிரவே, பெயரும் வினையும் ஒரே உருவாயின. அவற்றை வேறுபிரித்துக் காட்டும் சுமை முழுதும் சொல் நிற்கும் இடத்தின்மேல் ஏறிற்று. 'நாயை மனிதன் கடித்தான்' என்றாலும் 'மனிதன் நாயைக் கடித்தான்' என்றாலும் தமிழில் கடித்தவன் மாறுவதில்லை. ஐ என்னும் ஓர் உருபு காத்து நிற்கிறது. ஆங்கிலத்தில் இரு பெயர்களையும் இடம்மாற்றி வைத்தால் கடிபட்டவன் மாறிவிடுவான். ஆகலின் ஆங்கிலச் சொல்லைத் தனியே எடுத்துவைத்து 'இது பெயரா, வினையா?' என்று கேட்பதே பொருந்தா வினா. 'பேக்' என்னும் சொல் முதுகு என்னும் பொருளில் பெயர். பின்கதவு என்னுமிடத்துக் கதவுக்கு அடை. திரும்பி வா என்னுமிடத்து வருதலுக்கு அடை. ஒருவனுக்குத் துணைநில் என்னும் பொருளில் வினை. சொல் ஒன்றே, குடியிருக்கும் வீடு நான்கு. முன்னே 'தி' நிற்கிறதா, 'வில்' நிற்கிறதா, பின்னே காலங்காட்டும் ஈறு ஒட்டுமா என்று பார்த்தே துணிதல் வேண்டும்.

நம் மாணவன் நீர் பெயர்ச்சொல் என்று நினைத்ததில் பிழையில்லை. ஈறுள்ள மொழியில் வளர்ந்த அவனுடைய அறிவு, ஈறுதிர்ந்த மொழியில் ஈற்றைத் தேடியது. இந்த ஒரு வேறுபாட்டை அவனுக்கு ஒருமுறை சொல்லியிருந்தால் அத்தாளில் அவன் முழு மதிப்பெண் பெற்றிருப்பான்.

வினைக்கு வருவோம். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறி விழுவது பெரிதும் இங்கேதான். 'ஐ டிட் நாட் வென்ட்' என்று எழுதுகிறார்கள். பத்தாண்டு ஆங்கிலம் படித்தவனும் எழுதுகிறான். ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கிறார். ஏன் அடித்தார் என்பது இருவருக்கும் தெரிவதில்லை. இதற்குரிய விளக்கம் தமிழிலக்கணத்துள் அணியமாக இருக்கிறது.

'பாடிக்கொண்டிருந்தார்கள்' என்பதை எடுத்துக்கொள்க. மூன்று வினைகள் தொடர்ந்து நிற்கின்றன: பாடு, கொள், இரு. முன்னிரண்டும் எச்சமாகக் குறைந்து நிற்கின்றன. முற்றாகி நிற்பதும் பலர்பாலைக் காட்டுவதும் இறுதியில் உள்ள 'இருந்தார்கள்' ஒன்றே. நிகழ்காலமாக்க விரும்பினால் 'பாடிக்கொண்டிருக்கிறார்கள்' என்று இறுதிச் சொல்லில்தான் கைவைக்கிறோம், எச்சங்கள் அசைவதில்லை. தமிழில் வினைத்தொடரின் கடைசிச் சொல்லே தேரோட்டி. ஆங்கிலத்தில் இது தலைகீழ். 'தே வேர் சிங்கிங்' என்பதில் காலத்தைத் தாங்குவது முதலில் நிற்கும் 'வேர்' என்னும் துணைவினை. 'சிங்கிங்' காலத்தைத் தாங்கவில்லை. துணைவினைகள் இரண்டு மூன்று அடுக்கி வந்தாலும், முன்னே நிற்பது எதுவோ அதுவே காலத்தைச் சுமக்கும். தமிழில் ஈற்றுவினை, ஆங்கிலத்தில் முதல்வினை. கண்ணாடியில் வலமும் இடமும் மாறித் தோன்றுவது போல்வது.

இப்போது பிழையைப் பாருங்கள். 'ஐ டிட் நாட் வென்ட்' என்பதில் முதலில் நிற்கும் 'டிட்' இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது. பின்னே வருவது வெறும் முதனிலையாக, 'கோ' என்றே நிற்றல் வேண்டும். 'வென்ட்' என்றால் ஒரே காலத்தை இரண்டு தோள்களில் சுமப்பதாகும். 'பாடினார்கள்கொண்டிருந்தார்கள்' என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் உளறுவதில்லை. ஏன் உளறுவதில்லை என்று அதனிடமே கேட்டு, அதே நெறி ஆங்கிலத்திலும் உண்டு, பக்கம் மட்டும் மாறியிருக்கிறது என்று காட்டினால் அப்பிழை மறையும். இதனை நான் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. கண்கூடாகக் கண்டு சொல்கிறேன்.

'ஐ ஆம் கோ' என்பது இன்னொன்று. 'அவர் ஆசிரியர்' என்று பெயரே பயனிலையாய் நின்று தொடர் முடிவது தமிழின் இயல்பு; அங்கே வினையே வேண்டியதில்லை. ஆங்கிலத்துக்கோ வினையில்லாத் தொடர் ஆகாது. ஆகவே குழந்தைக்கு முதல் வகுப்பிலிருந்தே 'ஆம்', 'ஈசு', 'ஆர்' என்று ஊட்டுகிறோம். எந்தத் தொடருக்கு அது வேண்டும் என்பதை மட்டும் சொல்வதில்லை. தன் மொழியில் பெயர்ப்பயனிலை, வினைப்பயனிலை என்னும் பாகுபாட்டை அறிந்த பிள்ளை, பெயர்ப்பயனிலை வருமிடத்து அச்சிறுவினை வேண்டும், வெறும் வினைப்பயனிலை வருமிடத்து வேண்டா என்று தானே பிரித்துக்கொள்ளும். அறியாத பிள்ளை எல்லாவற்றிலும் அதைச் செருகிவைக்கும்.

'இங்' என்று முடியும் வடிவத்தைக் கண்டு அஞ்சாத மாணவர் இலர். ஆங்கில இலக்கண நூல்கள் அவ்வொரு வடிவுக்குப் பல பெயரிட்டு அச்சுறுத்துகின்றன. தமிழில் வைத்துப் பாருங்கள். பாடுதல் நல்லது என்னுமிடத்துத் தொழிற்பெயர். 'சிங்கிங் பேர்டு', பாடுகின்ற பறவை என்னுமிடத்துப் பெயரெச்சம். 'தே கேம் சிங்கிங்', பாடிக்கொண்டு வந்தார்கள் என்னுமிடத்து வினையெச்சம். ஆங்கிலத்தில் ஓர் உருவுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் மூன்று பணிகளைத் தமிழ் மூன்று உருவாக வெளியே நிறுத்திக் காட்டுகிறது. தமிழில் சொல்லிப் பார்த்தால் போதும். எவ்வகை என்பது தானே தெரியும். இவ்வாய்ப்பு ஆங்கிலக் குழந்தைக்கே இல்லை!

காலத்திலும் அப்படியே. வினையின் வடிவைப் பார்த்தால் ஆங்கிலத்துக்கு இரண்டே காலங்கள், நிகழ்வு, இறப்பு. எதிர்காலத்துக்கென்று வினையினுள் ஓர் உறுப்பும் அம்மொழியில் இல்லை. 'வில்' என்பது பண்டு விரும்பு என்னும் பொருளுடைய தனிவினை; அதைத் துணைக்கு அழைத்து வேலை வாங்குகிறார்கள். 1985-இலும் 2002-இலும் வெளிவந்த பேரிலக்கண நூல்களில் ஆங்கிலப் பேராசிரியர்களே இதை ஒப்புக்கொண்டுள்ளனர். நம் பள்ளிகளிலோ இன்னும் பன்னிரண்டு காலங்கள் என்று கட்டம் போட்டுக் கற்பிக்கிறோம். நம் மாணவன் 'ஊற்றுகிறார்கள்' என்று மொழிபெயர்த்தான். 'ஊற்றுவார்கள்' என்றும் பெயர்த்திருக்கலாம். நாள்தோறும் நிகழ்வதையும் என்றும் உள்ளதையும் குறிக்கத் தமிழர் எதிர்கால வடிவையும் வழங்குவர். ஞாயிறு கிழக்கே எழும் என்கிறோம். 'எழும்', 'ஊற்றுவார்கள்' என்று தமிழில் சொல்ல ஒக்குமாயின் அங்கே ஆங்கிலம் வெறும் நிகழ்கால வடிவைக் கேட்கும். 'ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்' என்று சொல்ல நேர்ந்தால் 'இங்' வடிவைக் கேட்கும். 'டெய்லி ஐ ஆம் வாக்கிங்' என்று எழுதும் பிள்ளைக்கு இந்த ஒற்றை உரைகல் போதும்.

இவ்வளவு வலிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம்? ஆங்கிலப் பாடவேளையில் தமிழ் பேசலாகாது என்கிறோம். சில இடங்களில் அதற்குத் தண்டமும் உண்டு. 2012–13 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. தாய்மொழியின் பெயரும் வினையும் காலூன்றுமுன் இன்னொரு மொழியின் பெயரையும் வினையையும் பிள்ளையின் தலையில் கவிழ்த்தால் இரண்டும் ஊன்றுவதில்லை. பெற்றோரை நான் குறைகூறேன். தம் பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறக்கூடாது என்று அவர்கள் விழைவது இயற்கையே. ஆங்கிலவழியில் சேர்த்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்ட பொய்தான் கொடிது.

தமிழ் கற்க வந்த வெள்ளையர் என்ன செய்தனர்? வீரமாமுனிவர், தம்மைப் போன்ற பிற குருமார்க்குப் பேச்சுத்தமிழ் கற்பிக்க இலத்தீனில் இலக்கணம் எழுதினார். போப்பு தம் தமிழ்க் கைந்நூலை ஆங்கிலத்தில் எழுதினார். தமிழைத் தமிழிலேயே கற்றால்தான் தமிழ் வரும் என்று அவர்கள் தம்மவரை வருத்தவில்லை. தமக்குத் தெரிந்த மொழியின் படியில் நின்று தெரியாத மொழிக்கு ஏறினர். அவர்க்கு அறிவாகத் தோன்றியது நமக்கு மட்டும் தாழ்வாகத் தோன்றுவது என்னை?

கலப்பு நோயும் இவ்விலக்கணத்தோடு தொடர்புடையதே. 'டிரைவ் பண்ணு', 'குக் பண்ணு', 'வாக் பண்ணு' என்று பேசுவோர் தாம் ஆங்கில வினையைப் பயன்படுத்துவதாக எண்ணி மகிழ்கின்றனர். உற்றுநோக்குமின். 'டிரைவ்' என்பதன்மேல் தமிழ்க் காலவுறுப்பை ஏற்றி 'டிரைவினான்' என்று எவரும் சொல்வதில்லை. 'பண்ணினான்' என்னும் தமிழ்வினை வந்துதான் காலத்தையும் பாலையும் தாங்குகிறது. ஆங்கிலச் சொல் அங்கே பெயராகிக் கிடக்கிறது. அஃதாவது, அவ்வயற்சொல்லை வினையாக ஏற்கத் தமிழ் மறுத்துவிட்டது. வாயிலில் நிறுத்திவைத்துத் தன் ஆளொருவனைத் துணைக்கு அனுப்பியிருக்கிறது. இதனால் ஆங்கிலம் வளர்ந்ததா? ஓர் ஆங்கில வினை தன் வினைத்தன்மையை இழந்ததே மிச்சம். தமிழ் வளர்ந்ததா? ஓட்டு, சமை, நட என்னும் நல்ல வினைகள் வேலையிழந்து, 'பண்ணு' என்னும் ஒன்றே எல்லா வீட்டிலும் கூலிக்கு உழைக்கிறது. பெயரெது வினையெது என்று தெளிந்த பிள்ளை இவ்வாறு பேசக் கூசும்.

மறுநாள் காலை வணக்கக்கூட்டம் முடிந்ததும் அம்மாணவன் என்னைத் தேடி வந்தான். "ஐயா, தமிழிலும் இருக்கிறதே! 'மலர்' என்பது பெயரும் ஆகிறது, வினையும் ஆகிறது" என்றான். "தொடரில் வைத்துக் காட்டு" என்றேன். 'மலரைப் பறித்தான்', 'முல்லை மலர்ந்தது' என்று எழுதினான். "பார், ஒன்று உருபேற்றது; ஒன்று காலங் காட்டியது. தமிழ் ஈறு காட்டிக்கொடுத்துவிட்டது" என்றேன். அவன் விடவில்லை. "ஈறே இல்லாமல் 'மலர்' என்று மட்டும் நின்றால்?" என்றான். ஏவலாகவும் இருக்கலாம், எழுவாயாகவும் இருக்கலாம். அங்கே நமக்கும் இடம் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவன் முகத்தில் தோன்றிய வெற்றிக்களிப்பு எனக்கும் பிடித்திருந்தது.

கல், அடி, படி, பிடி, மலர் என்று ஒரு சுவடியின் இடப்பக்கத்தில் எழுதத் தொடங்கினான். எதிரே வலப்பக்கத்தில் 'வாட்டர்', 'பேக்', 'வாக்', 'புக்'. இடப்பக்கம் நாற்பதைத் தாண்டிவிட்டது. அவன் வகுப்பில் இன்னும் நால்வர் அத்தகைய சுவடி வைத்திருக்கின்றனர்.